ஹீட் ட்ரீட்மெண்ட்டால் அரித்துப்போன 304 தொட்டி: மாற்றித் தரக் கோருதல்

அனுப்புநர்: ஊறுகாய்த் தொழிற்கூட உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பெறுநர்: மேலாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு

ஐயா, வணக்கம்.

புளியங்குடி எலுமிச்சையை உப்பில் ஊறப்போட உங்களிடம் வாங்கிய 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. "உப்பு பட்டால் அரிக்கத்தான் செய்யும்" என்று உங்கள் சர்வீஸ் ஆள் போனிலேயே பேச்சை முடித்துவிட்டார். வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். உப்பு மட்டும் காரணமென்றால் தகடு முழுக்க அங்கங்கே புள்ளிக்குழி விழுந்திருக்கும். இங்கே நடுத்தகட்டில் முகம் பார்க்கலாம். வெல்டிங்கை ஒட்டி, இருபுறமும், அது வளைகிற இடமெல்லாம் வளைந்து பழுப்புப் பட்டை ஓடுகிறது. நகத்தால் சுரண்டினால் குருணையாக உதிர்கிறது. நல்ல இடத்தில் தட்டினால் கணீரென்கிறது. பட்டையில் தட்டினால் சத்தமே எழவில்லை.

உங்கள் பில்லில் "ஹீட் ட்ரீட்மெண்ட், 650 டிகிரி" என்று தனிக்காசு போட்டிருக்கிறீர்கள். வெல்டிங் ஓரத்தை பர்னரால் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டோம், கிரெயின், அதாவது உலோகத்துக்குள் நெருங்கி அடுக்கியிருக்கும் நுண்மணிகள், பொடிசாகி வலு கூடும் என்றார் உங்கள் சூப்பர்வைசர். சாதா இரும்பை 900 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் கிரெயின் புதிதாக உருவாகும், சரி. 304-ல் அந்த மாற்றமே கிடையாது. வெல்டிங் சூட்டில் பெருத்த கிரெயின் பெருத்ததுதான். அதோடு, 425 முதல் 850 டிகிரிக்குள் அதை நிறுத்தி வைக்கவே கூடாது. கார்பன் குரோமியத்தை இழுத்துக்கொண்டு கிரெயின் ஓரங்களில் கார்பைடாகப் படியும். ஓரத்தில் குரோமியம் குறைந்தால் துருவைத் தடுக்க அங்கே வேறென்ன இருக்கிறது? அரிக்க வழி செய்துகொடுத்து அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறீர்கள்.

கிரெயின் ஓரத்தில் இப்படிக் கார்பைடு படிந்திருக்கிறதா என்று காட்டும் ஆக்சாலிக் அமிலச் சோதனைக்கு ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கிரெயினைச் சுற்றியும் பள்ளம் வெட்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்த மில் சர்டிபிகேட்டில், அதாவது தகடு செய்த ஆலையின் சான்றிதழில், கார்பன் 0.06 சதவீதம். 304-க்கு அது வரம்புக்குள்தான். ஆனால் அப்படிப்பட்ட தகட்டை 650-ல் வாட்டியது உங்கள் வேலை. படமும் சர்டிபிகேட் நகலும் இணைத்திருக்கிறேன்.

உள்ளூர் வெல்டர் "ஒட்டுப் போட்டுத் தாரேன்" என்றார், வேண்டாமென்றுவிட்டேன். மறுபடி சூடு பட்டால் பக்கத்திலேயே இன்னொரு பட்டை வரும். 1050 டிகிரிக்கு ஏற்றிச் சட்டென்று தண்ணீரில் குளிர்வித்தால் கார்பைடு கரையும்தான். ஆனால் இத்தனை மெல்லிய தொட்டி கோணிப்போகும், அரித்த இடமும் திரும்ப வளராது.

ஆகவே கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத 304எல் தகட்டில், அதேபோல் கார்பன் குறைந்த 308எல் வெல்டிங் கம்பியால் பற்றவைத்த புதுத் தொட்டி வேண்டும். அதற்குப் பர்னர் வைக்க வேண்டாம். ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கு வாங்கிய தொகையையும், கெட்டுப்போன சரக்கின் விலையையும் திருப்பித் தாருங்கள். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தொழிற்கூட உரிமையாளர்