எக்ஸ்ரே கருவிக்கு மதிப்பெண்

அன்புள்ள சேகர்,

உன் மகளுக்கு வரன் முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தை மாதம் என்றால் இப்போதே விடுப்புச் சொல்லிவைக்கிறேன்.

இனி உன் எக்ஸ்ரே கருவி. கொட்டேஷன்களைப் பார்த்தேன். பழைய கருவிக்கே கேசட்டும் அதில் பதிந்த படத்தைக் கணினிக்கு மாற்றும் சி.ஆர். ரீடரும், அதே கருவியில் படத்தை நேராகக் கணினிக்கு அனுப்பும் டிஜிட்டல் பேனல் மட்டும், அல்லது எல்லாமே புதிதாக ஒரு டி.ஆர். (நேரடி டிஜிட்டல்) கருவி. பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கலாம் என்கிறாய். போடு. ஆனால் எதற்கு எத்தனை சதவீதம் எடை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேனலுக்கு விலையில் 9, படத் தெளிவில் 5, சர்வீஸில் 4; புதியதற்கு 5, 8, 8 என்று வைத்துக்கொள். எடை 40, 30, 30 என்றால் புதியது 6.8 பெற்று ஜெயிக்கிறது, பேனலுக்கு 6.3. அதையே 60, 20, 20 ஆக்கு: பேனலுக்கு 7.2, புதியதற்கு 6.2. நிர்வாகத்துக்கு எது வேண்டுமோ அதைக் கணக்கே சொல்லிவிடும்!

அதனால் எங்கள் மருத்துவமனையில் தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த ஏ.எச்.பி. என்ற படிநிலைப் பகுப்பாய்வு முறையைப் பிடித்தோம். அம்சங்களை இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்ல வேண்டும். அறங்காவலர் ஒருவர், விலை சர்வீஸைவிட 3 மடங்கு, சர்வீஸ் கதிர்வீச்சு அளவைவிட 3 மடங்கு முக்கியம் என்றார். அப்படியானால் விலை கதிர்வீச்சைவிட 9 மடங்கு என்றல்லவா வர வேண்டும்? கேட்டதும் மனிதர் திடுக்கிட்டு, "அதெப்படி, இரண்டும் சமம்தான்" என்றார். பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மோதுகின்றன என்று காட்டும் முரண் விகிதம் 0.1-ஐத் தாண்டக் கூடாது; அது 0.48-க்குப் போய்விட்டது. அதன்பிறகு அரைமணி நேரம் நடந்த சண்டைதான் அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான பகுதி. நோயாளியின் கதிர்வீச்சைப் பற்றி அதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

கூட்டல் முறையில் இன்னொரு வம்பு, மலிவு எல்லாக் குறையையும் மூடிவிடும். பழுதானால் வந்து பார்க்க ஆளில்லாத கருவிகூட விலையை வைத்தே முதலிடம் பிடிக்கும். எனவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, உன் ஊருக்கு வந்துபோகும் சர்வீஸ் என்ஜினியர், இந்த இரண்டுக்கும் மதிப்பெண்ணே போடாதே. இல்லாததை முதலிலேயே தள்ளிவிடு. பெல்ஜியத்தின் ழான்-பியர் பிரான்ஸ் (Brans) என்பவர் 1982-இல் முன்வைத்த புரோமெத்தே முறையும் எனக்குப் பிடிக்கும். இந்த அளவுக்குக் கீழான விலை வித்தியாசம் எனக்கு வித்தியாசமே இல்லை என்று அதில் சொல்லிவிடலாம்.

என் கட்சி பேனல் பக்கம்தான், உன் பழைய கருவியின் ஜெனரேட்டர் (எக்ஸ்ரே குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தரும் பகுதி) நல்ல நிலையில் இருந்தால். பேனலில் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றும் பூச்சு சீசியம் அயோடைடா, கடோலினியமா என்று கேட்டு வாங்கு. சீசியத்தின் படிகங்கள் ஊசி ஊசியாக நிமிர்ந்து நின்று ஒளியைச் சிதறவிடாது; குறைந்த கதிரிலேயே படம் தெளிவாக விழும். விலை கூடத்தான். குழந்தைகள் நிறைய வரும் இடம் உன்னுடையது, பேரம் பேசு.

எடைகளை நீயும் உன் ரேடியோகிராபரும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்