ஆவாம்

கொழிஞ்சாம்பாறை
ஆடி 7

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பியது. நடக்க முடிகிறதே என்று அதற்குள் மாடி ஏறி வடகம் காய வைக்கப் போய்விடாதே. மருமகளிடம் விடு.

இங்கே செம்பனுக்கு உடம்பு சரியில்லை. போன புரட்டாசியில் விறகுக் கொட்டாயில் பிறந்த மூன்று பூனைக்குட்டிகளில் மிஞ்சிய ஒருத்தன் என்று எழுதியிருந்தேனே, அவன்தான். ஆனி முதல் வாரத்தில் சாப்பாட்டைக் குறைத்தான். மத்தி மீன் கழுவும் சத்தத்துக்கு ஓடி வருகிறவன், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். காய்ச்சல் 104. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பூச்சி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். பத்து நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. எதிர்வீட்டு அக்கா, குழந்தைக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப்பில் ரெண்டு சொட்டு விடச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. பூனைக்கு அது விஷமாம், ஈரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாதாம். உன் தெருவில் பூனை வளர்க்கிறவர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்.

அப்புறம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குதிரானில் சுரங்கப்பாதை வந்ததிலிருந்து திருச்சூர்ப் பக்கம் போவது முன்னைப்போல் கஷ்டமில்லை. வழி முழுக்கக் கூடைக்குள் கையை விட்டுக்கொண்டே போனேன். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். வைக்கோல் நிறம். ஊசி நுனியிலிருந்து நூல் மாதிரி இழுபட்டு வந்தது. ஒரு குழாயில் சுத்தத் தண்ணீர் விட்டு, அதில் ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம் கலந்து, மேலே இந்த நீரை ஒரு துளி விட்டார் டாக்டர். கரைந்துவிட்டால் நல்லது என்றார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கரையவில்லை மல்லிகா. குட்டி ஜெல்லி மீன் மாதிரி வாலை இழுத்துக்கொண்டு மெதுவாக அடிக்கு இறங்கியது.

பூனைகளுக்கு வயிற்றில் நீர் கோக்க வைக்கிற கொடிய நோய் ஒன்று உண்டே, அந்த எஃப்.ஐ.பி.யா என்று கேட்டேன். "ஆவாம்" என்றார். இருக்கலாம் என்பதை மலையாளத்தில் இப்படித்தான் சொல்வார்கள். பாதிச் சம்மதம் மாதிரி இருக்கும் அந்த வார்த்தை.

பூனைகளுக்கென்று ஒரு கொரோனா வைரஸ் உண்டு. நம்மைப் படுத்தியது வேறு, இது மனிதருக்கு ஒட்டாது. நிறைய பூனைகளின் குடலில் சும்மா வந்துவிட்டுப் போகும். எங்கோ ஒரு குட்டியின் உடம்பில் மட்டும் உருமாறி இந்த எஃப்.ஐ.பி.யாக ஆகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், இதுதான் என்று அடித்துச் சொல்கிற ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆல்புமின், குளோபுலின் என்று ரெண்டு புரதத்தின் விகிதம் பார்க்கிறார்கள். 0.4க்குக் கீழே போனால் சந்தேகம் பலக்கும், 0.8க்கு மேலே என்றால் அநேகமாக இது இல்லை. செம்பனுக்கு 0.5. சொட்டுப் பரிசோதனையும் அப்படித்தான், வயிற்றில் சீழ் பிடித்திருந்தாலும் கரையாமல் நிற்குமாம். திசுவை வெட்டி எடுத்துப் பார்த்தால் தெரியும், ஆனால் இந்த உடம்புக்கு மயக்க மருந்து தாங்காது என்றார்.

2019 வரைக்கும் இந்த நோய் வந்தால் பிழைப்பது அபூர்வம். அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் பெடர்சன் என்பவரின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. 31 பூனைகளுக்கு ஜி.எஸ். 441524 என்ற மருந்தைக் கொடுத்ததில், 26 பூனைகள் 12 வார சிகிச்சையை முடித்தன. அதே மருந்தைத்தான் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். இந்த நோயாக இருந்தால் சில நாளில் காய்ச்சல் இறங்கும், இறங்காவிட்டால் வேறு ஏதோ என்று வைத்துக்கொள்வோம் என்றார். மொத்தம் 84 நாள்.

வீட்டுக்காரர், "இன்ன நோய் என்றே தெரியாமல் இவ்வளவு பணமா?" என்று கேட்டார். ஓடு மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணம் அது. நியாயமான கேள்விதான். எனக்கோ, ஒன்றும் செய்யாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் காலையில் அவரே சமையலறைத் தராசைத் துடைத்து, செம்பனைத் துண்டில் சுற்றி நிறுத்துக்கொண்டிருந்தார். எடைக்கேற்ப மருந்தளவு மாறும்.

இன்று பதினோராம் நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் 102க்கு வந்துவிட்டது. அன்று ராத்திரி நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். ஆனால் வயிறு இன்னும் முழுசாக வற்றவில்லை. எடை 40 கிராம் கூடியிருக்கிறது. அது சதையா நீரா என்று தெரியாததால் தையல் டேப் எடுத்து வயிற்றையும் சுற்றி அளக்கிறேன். முதல் நாள் 38 சென்டிமீட்டர், இன்று 35. டாக்டரிடம் போனில் சொன்னேன். "நல்லது, ஆனால் இப்பவும் ஆவாம்தான்" என்று சிரித்தார். ஒளிக்காமல் சொல்கிறாரே, அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை.

ராத்திரி அவன் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணச் சொல்லியிருக்கிறார். நிமிஷத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். நெஞ்சில் நீர் கோத்தால் கூடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறேன். நாம் பரீட்சைக்குப் படித்த காலத்துக்கு அப்புறம் இப்படி ராத்திரியில் விழித்ததில்லை. வெளியே பனைகளில் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டால் முதலிலிருந்து எண்ணுகிறேன்.

வெள்ளிக்கிழமை திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு வந்ததும் எழுதுகிறேன். உன் பேத்தி ஸ்கூலுக்குப் போகிறாளா, இன்னும் வாசலில் அழுகிறாளா? அதை நீ எழுதவே இல்லை.

இப்போது எண்ணினேன், 26. கொஞ்சம் முன்னால் தட்டில் வைத்த மத்தியில் பாதி காலி.

அன்புடன்,
கமலா