பில்லில் ஆயிலின் தரத்தையும் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் கார் வொர்க்ஷாப் நடத்துகிறேன். வென்யூ, சோனெட், செல்டோஸ், டைகுன், குஷாக் என்று டர்போ பெட்ரோல் கார்கள் எங்கள் ஊரில் பெருகிவிட்டன. இந்த டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். மைலேஜும் இழுவையும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் ஆயில் விஷயத்தில் இந்த இன்ஜின் பழைய பெட்ரோல் இன்ஜினைப் போல எதையும் பொறுத்துக்கொள்ளாது. அப்படியிருந்தும் சர்வீஸ் பில்லில் "இன்ஜின் ஆயில், இத்தனை லிட்டர்" என்று ஒற்றை வரிதான் வருகிறது. என்ன கிரேடு, என்ன தரம் என்று ஒரு எழுத்துகூட இருப்பதில்லை. கேட்டால், "ஃபுல்லி சிந்தெடிக்தான் சார் ஊத்தியிருக்கோம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தப் பதில் போதாது. சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்தது, என்று கேனில் போட்டு விற்பதில் பெரும்பகுதி, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் ஆயில். அமெரிக்காவில் 1999-ல் இரண்டு பெரிய ஆயில் கம்பெனிகளுக்கு இடையே இதைப் பற்றி விளம்பரத் தகராறு வந்தபோது, அப்படிப்பட்ட ஆயிலையும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என்று முடிவானது. அது மட்டமான ஆயில் என்று நான் சொல்லவில்லை, தாராளமாக ஊற்றலாம். ஆனால் கேனின் முன்பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து உங்கள் இன்ஜினுக்கு அது பொருந்துமா என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

எங்களிடம் வரும் ஆசிரியர் ஒருவருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். காரை எடுத்தால் இன்ஜின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். "ஆயில் குறையவே இல்லை, கூடத்தான் செய்யுது, நல்லதுதானே?" என்று கேட்டார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயில் ஃபுல் என்று காட்டும் எஃப் கோட்டைத் தாண்டி நின்றது. துணியில் துடைத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பீய்ச்சும் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படியும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடினால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். தினமும் குட்டித் தூரமே ஓடினால் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்க வைத்துவிடும். 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு; அப்படி ஊற்றியது அந்தக் கெட்டித்தன்மையிலேயே இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டாப் கியரில் 1,500 ஆர்பிஎம் அளவில் வண்டி மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே சில நேரம் சிலிண்டருக்குள்ளே பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்கும். டர்போவின் அழுத்தமும் சேர்ந்துகொள்வதால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் ஓரம் உடையலாம், கனெக்டிங் ராடு வளையலாம். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் மிதிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பெட்ரோலோடு கலந்த ஆயில் துளிதான் இப்படி முந்திக்கொண்டு பற்றுவதற்கு முக்கியக் காரணம் என்பதும், அழுக்கு சேராமல் இருக்க ஆயிலில் கலக்கும் கால்சியம் சேர்மம் அதற்குத் துணை போகிறது என்பதும் ஆராய்ச்சியில் தெரியவந்தன. அதன் பிறகு ஆயில் கம்பெனிகள் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தன. ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் (ஏபிஐ) 2018-ல் எஸ்என் பிளஸ் என்ற தரத்தையும், 2020 மே மாதம் எஸ்பி என்ற தரத்தையும் கொண்டுவந்தது. எஸ்பி-யில் இந்தத் தீப்பிடிப்புக்கு ஒரு சோதனை, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினின் தேய்மானத்துக்கு இன்னொரு சோதனை. 2025-ல் எஸ்கியூ-வும் வந்துவிட்டது.

ஆனால் கடைகளில் எஸ்எம், எஸ்என் என்ற பழைய தர ஆயில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. சில கேன்களில் அதற்கும் சிந்தெடிக் என்றே போட்டிருக்கிறது. பழைய இன்ஜினுக்கு அது சரி. டர்போ டைரக்ட் இன்ஜெக்ஷனுக்கு எஸ்பி அல்லது அதற்கு மேல் என்றுதான் கேட்டு வாங்க வேண்டும். 0டபிள்யூ-20-யா 5டபிள்யூ-30-யா என்பதை வண்டியோடு கொடுத்த புத்தகம் சொல்லும், மெக்கானிக்கின் இஷ்டத்துக்கு விடக் கூடாது. ஐரோப்பியக் கம்பெனி கார் என்றால் அந்தக் கம்பெனி ஒப்புதல் கொடுத்த எண்ணும் கேனில் இருக்க வேண்டும்.

வால்வில் கார்பன் படிவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் மக்கள் பணம் வீணாகிறது. பழைய முறையில் பெட்ரோல், காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. இப்போது பெட்ரோல் அந்தப் பக்கமே போவதில்லை. இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி வால்வில் படிந்து, வெந்து, கருப்பாக ஏறுகிறது. ஆகவே டேங்கில் ஊற்றும் எந்தக் கிளீனரும் இந்த வால்வைத் தொடப்போவதில்லை. இன்ஜெக்டருக்கு வேண்டுமானால் உதவலாம். ஆவியாவது குறைந்த ஆயிலாகத் தேர்ந்தெடுப்பது ஓரளவு பலன் தரும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் சோதனை இருக்கிறது. 15 சதவீதத்துக்கு மேல் போனால், எஸ்பி-யோடு சேர்ந்து வந்த ஜிஎஃப்-6 என்ற தரம் கிடைக்காது. பத்துக்குக் கீழே இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆயில் கம்பெனியின் டேட்டா ஷீட்டில் இந்த எண்ணைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

விலை உயர்ந்த ஆயில் ஊற்றிவிட்டோம், 15,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டிப் புத்தகத்திலேயே கடினமான ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். குறைந்த தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது, தூசி என்று அதில் எழுதியிருப்பது அத்தனையும் நம் ஊர் ஓட்டம்தான். அந்த அட்டவணைப்படி முன்கூட்டியே மாற்றுவது, ஆயிலில் கூடுதலாக ஆயிரம் ரூபாய் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

போலி ஆயில் பயமும் இருக்கிறது. மூடியோடு நசுங்காமல் இருக்கும் காலி கேனுக்குத் தனி விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்றால் அது எதற்கு என்று யோசிக்க வேண்டும். எங்கள் கடையில் காலி கேனைக் கத்தியால் கிழித்துவிட்டுத்தான் பழைய சாமான் கடைக்குப் போடுகிறோம். வாடிக்கையாளர்கள் சீல் உடைக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும், காலி கேனைக் கேட்டு வாங்கிப் போனாலும் தப்பில்லை. பேரலில் இருந்து ஊற்றும் இடமென்றால், அதன் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கும் உரிமை. ஆயிலின் கம்பெனி, கிரேடு, ஏபிஐ தரம், பேட்ச் எண் ஆகிய நான்கையும் பில்லில் எழுதுவதற்கு எந்த சர்வீஸ் சென்டருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. நாங்கள் எழுதித்தான் கொடுக்கிறோம். மற்ற இடங்களிலும் இதைக் கட்டாயமாக்க நுகர்வோர் பாதுகாப்புத் துறை முன்வர வேண்டும். அதுவரை, உங்கள் நாளிதழில் ஒரு ஆயில் கேனின் பின்பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, எந்த எழுத்தை எங்கே பார்க்க வேண்டும் என்று வாசகர்களுக்குக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
கணபதி, கோவை.