விதி வருமுன் கேளுங்கள்: தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. மற்ற நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பேன். திங்கள்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளுக்கு நான் எழுதித் தரும் மனுக்களில் பல, எப்போதோ வந்துவிட்ட ஏதோ ஒரு அரசு விதியில் மாட்டிக்கொண்டவர்களுடையவை. "ரூல் அப்படித்தாங்க, நாங்க என்ன பண்றது" என்பார் அலுவலர். அவர்மீது குற்றமில்லை, விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் கிடையாது. அந்த விதி வரைவாக இருந்தபோது எங்கே கிடந்தது, யார் கண்ணில் பட்டது என்பதே என் கேள்வி.

12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஓசூரில் ஷிப்டுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளின் சோறும் தூக்கமும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. எனக்குத் தெரிந்த பையன்கள் அதை டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, ஏப்ரல் 24 அன்று தொழிற்சங்கங்களோடு பேசி நிறுத்தி வைத்தீர்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தீர்கள். நல்லதுதான். ஆனால் பிறகு பேசியதை முன்பே பேசியிருக்கலாமே?

சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே உரிய விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி) பிரிவு. உள்ளூர் மொழியைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது 4(4). இது மாநில அரசையும் கட்டுப்படுத்தும். சட்ட வரைவுகளை எளிய விளக்கக் குறிப்போடு குறைந்தது 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு தன் துறைகளுக்கு ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டம் அல்ல, மீறினால் கேட்பாரும் இல்லை. 2020-ன் வேளாண் சட்டங்கள் அவசரச் சட்டங்களாகவே வந்து இறங்கின.

மத்திய சட்டங்களுக்கெல்லாம் பொதுவான பழைய பொது உட்கூறுகள் சட்டம் (1897) 23-ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். முன்வெளியீடு தேவை என்று மூலச் சட்டம் சொன்னால் வரைவை வெளியிட்டு, நாள் குறித்து, வரும் ஆட்சேபனைகளைப் பரிசீலிக்க வேண்டும். ஆனால் இறுதி விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று! ஆட்சேபித்தவனுக்கு ஒரு வரி பதில் போட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் கிரானைட் குவாரிக்குப் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதானால், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், தமிழில் அறிக்கைச் சுருக்கம் வேண்டும், ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ வந்து உட்கார வேண்டும். ஒரு குவாரிக்கு இத்தனை. அந்த அறிவிக்கையையே மாற்ற 2020-ல் வரைவு வந்தபோதோ இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே. தில்லி உயர் நீதிமன்றம்தான் 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி, கடைசி நாளை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. அதையும் எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது.

உங்கள் துறைத் தளங்களுக்கு வருகிறேன். தமிழ் எழுத்தைக் கணினியில் தேடக்கூடிய விதமாகப் பதியும் யூனிகோடை 2010-லேயே அரசு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான் பல இடங்களில் கிடைக்கிறது, அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. வரைவு எது, இறுதி ஆணை எது என்று பிரித்து அறியவும் வழியில்லை. கடைசி நாள் முடிந்ததும் வரைவையே எடுத்துவிடுகிற துறையும் உண்டு.

அமெரிக்காவில் 1946 முதலே விதிக்கு முன் அறிவித்துக் கருத்துக் கேட்பது சட்டம். 2003-லிருந்து அதற்கெனப் பல துறைகளுக்கும் பொதுவான இணையதளம் இருக்கிறது. வரைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு எண், வந்த கருத்துகளும் அதன் கீழேயே. முக்கியமான ஆட்சேபனைகளுக்கு இறுதி விதியில் விளக்கம் தராவிட்டால் நீதிமன்றம் விதியையே ரத்து செய்யலாம். "திறந்துவிட்டால் குப்பை கொட்டுவார்களே" என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். கொட்டத்தான் செய்தார்கள். 2017-ல் இணையச் சமநிலை விதியை (எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் சமமாக நடத்த வேண்டும் என்பது) நீக்கும் வரைவுக்கு வந்த சுமார் 2.2 கோடிக் கருத்துகளில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணை சொன்னது. அதனால் அவர்கள் கடையை மூடிவிடவில்லை. எத்தனை கருத்து என்று எண்ணுவதை விட்டு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போலி தானாக உதிர்ந்துவிடும்.

எல்லாம் இணையத்தில் போட்டால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோர ஊர்களில் சிக்னல் கிடைப்பதே பெரிய காரியம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சில வேலைகளுக்குக் கட்டுப்பாடு வரும் பகுதி, அறிவிக்க வரைவு வந்தால் 60 நாள் அவகாசம், ஆட்சேபனை தில்லிக்குப் போக வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் அந்த மக்களுக்கு யார் படித்துச் சொல்வது?

அதற்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. 60 நாள் அவகாசம் தந்தால் பெரும்பாலான வரைவுகள் ஏதாவது ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டுவிடும். மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவிலும், நவம்பர் 1-க்கும் ஜனவரி 26-க்கும் நடுவிலும்தான் நீண்ட இடைவெளி. அப்போது வரும் வரைவுக்குச் சிறப்புக் கூட்டம் போடலாம்.

ஆகவே கேட்பது இது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட இணையதளங்களில் 'வரைவு விதிகள்' என்று ஒரு பக்கம் திறக்கச் சொல்லுங்கள். மாநில வரைவோ மத்திய வரைவோ, இந்த மாவட்டங்களைத் தொடுவது எதுவானாலும் தமிழ்ச் சுருக்கமும் கடைசி நாளும் அங்கே இருக்கட்டும். இ-சேவை மையத்தில் கட்டணமில்லாமல் கருத்தைப் பதிந்து ரசீது தரட்டும். இறுதி விதி வரும்போது எந்த ஆட்சேபனையை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்பது அதே பக்கத்தில் வரட்டும். ஓராண்டு நடத்திப் பார்த்துவிட்டு மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து மனு எழுதுபவன்