50 விநாடி முட்டி போட்டவன்: கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் என் முகம் நினைவிருக்காது. ஆட்டத்தின் நடுவே நீங்கள் எங்கள் பக்கம் திரும்புவதே டைம் அவுட் எத்தனை மிச்சம் என்று கேட்கத்தான். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரியில் பகலில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் உள்ள மாலைகளில் ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன். கடிகாரமும் ஹார்னும் என் பொறுப்பு. பதினோரு வருடமாக இதே நாற்காலி.

கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் அணியை விட்டு வேறு கல்லூரிக்கு மாறிப்போன பையனின் பெயரையும் சொல்லமாட்டேன். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கள் சார், பெயர் மட்டும் வேண்டாம்" என்றான்.

2025 பிப்ரவரி. எங்கள் அணி 23 புள்ளி முன்னிலையில் இருந்தது. கூட்டம் பாதிக்கு மேல் கார் எடுக்கக் கிளம்பிவிட்டது. கடிகாரத்தில் 50 விநாடி இருக்கும்போது பயிற்சியாளர் பெஞ்சின் கடைசிப் பக்கம் பார்த்து விரலைச் சொடுக்கினார். அவன் வார்ம்-அப் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்து எங்கள் மேசைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். விதி உங்களுக்குத் தெரியும். பந்து நின்றால்தான் ஹார்ன், ஹார்ன் அடித்து நடுவர் கைகாட்டினால்தான் உள்ளே போகலாம். எதிரணி இருபது விநாடிக்கு மேல் பந்தைச் சுற்றிவிட்டு எறிந்தது, விழவில்லை. ரீபவுண்ட் எங்களுக்கு. மிச்சம் 28 விநாடி. களத்தில் இருந்த எங்கள் இன்னொரு பையன் பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டில் நின்றுவிட்டான். ஜெயித்த ஆட்டம், 30 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக்கும் இல்லை, வேறென்ன செய்வான்? பந்து நிற்கவே இல்லை. ஆட்டம் முடிந்த ஒலிதான் கேட்டது. அவன் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கைகுலுக்கும் வரிசையில் போய் நின்றான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைப்பது தண்டனை. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு. இவன் எல்லாப் பாடமும் எழுதியவன். என் வகுப்பில் இருந்தான், அதனால் நிஜமாகவே தெரியும்.

அந்தப் பருவத்தில் அவன் ஆடியது மொத்தம் 41 நிமிடம். ஒரு முழு ஆட்டமே 40 நிமிடம். நவம்பரிலிருந்து மார்ச் வரை பயணம், விடியற்கால வெயிட் ரூம், வீடியோ, கணுக்காலுக்கு டேப், எல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஆட்டம், மேலே ஒரு நிமிடம். மார்ச் 24 அன்று ஆண்கள் பிரிவுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல், திறந்தது. அந்த வாரமே பெயர் கொடுத்துவிட்டான்.

அப்புறம் நடந்ததுதான் என்னை எழுத உட்கார வைத்தது. நன்கொடையாளர்களுக்கான மதிய விருந்தில் எங்கள் பயிற்சியாளர் மைக்கைப் பிடித்து, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர், "நம்ம காலத்துல இப்படியா?" என்றார். அவர் காலத்தில் எப்படி என்று எனக்குத் தெரியும். மாறிப்போனவன் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. அதற்குப் பயந்து பேசாமல் இருந்ததைப் பொறுமைக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

கணக்கு என் தொழில், அதனால் முதலில் கணக்கு. ஐந்து பேர், 40 நிமிடம். ஓர் இரவுக்கு நீங்கள் பரிமாறக்கூடியது 200 நிமிடம். வழக்கமாக எட்டு ஒன்பது பேர் அதை முடித்துவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப் 13 பேருக்கு இருந்தது. வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் வந்த நீதிமன்ற உடன்படிக்கைக்குப் பிறகு, 2025-26 முதல், அதில் சேர்ந்த கல்லூரிகள் 15 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்பது இலை போட்ட பந்திக்குப் பதினைந்து பேரை அழைக்கிறீர்கள். அதில் தப்பில்லை. காயம் வரும், பயிற்சிக்கு ஆள் வேண்டும். ஆனால் பதினைந்து பேரிடமும் "உனக்கு முதல் பந்தி" என்று சொல்லி அழைத்ததுதான் சிக்கல்.

இந்தப் பையனின் வீட்டுக்கு வந்தபோது எங்கள் பயிற்சியாளர் ஒரு காகித நாப்கினில் ஐந்து வட்டம் போட்டு, ஒன்றில் அவன் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டினாராம். "இரண்டாம் வருடம் இது நீ." அவன் அம்மா அந்த நாப்கினை எடுத்துப் பத்திரமாக வைத்தார். என்னிடம் அதன் படத்தைக் காட்டினான், ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. முதல் வருடம் ஆட்டத்துக்கு ஒன்பது நிமிடம் கிடைத்தது. பரவாயில்லை என்று நினைத்தான். அந்தக் கோடையில் அதே போர்ட்டலிலிருந்து, அதே இடத்துக்கு, இரண்டு கார்டுகளை (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்கள்) கொண்டுவந்தார்கள். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போனில் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

போர்ட்டலிலிருந்து ஆள் எடுப்பது வியூகம், போர்ட்டலுக்குள் போவது துரோகம் என்றால் எனக்குப் புரியவில்லை.

வயதில் மூத்த வீரனைத் தேடுவது உங்கள் வேலை, ஒப்புக்கொள்கிறேன். தோற்றால் உங்களைத்தான் துரத்துவார்கள். நீங்களும் மாறுகிறீர்கள், அதையும் குறையாகச் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் பயிற்சியாளர் ஜான் கலிபாரி 15 பருவம் இருந்த கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். மூன்று வீரர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். அவரை ஒரு வருடம் பெஞ்சில் உட்காரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

வீரனிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம், பல பத்தாண்டுகள். 2021 ஏப்ரலில்தான் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இறங்கிவந்தது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி, இரண்டாம் முறை மாறுபவரையும் தடுக்கக் கூடாது என்றார். 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று ஆயிற்று. இப்போது கதவு அகலமாகத்தான் திறந்திருக்கிறது. 60 நாளாக இருந்த போர்ட்டல் காலத்தை 45 ஆக்கி, பிறகு 2024 அக்டோபரில் 30 ஆக்கினார்கள். அதனால் போக நினைப்பவன் போகாமல் இருக்கப்போவதில்லை, யோசிக்கும் நாட்கள்தான் குறையும்.

மாறியவர்களின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் வாக்கர் கெஸ்லரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020-21இல் வட கரோலினாவில் அவருக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம்கூட இல்லை. ஏழடி ஆள், ஆனால் முன்னால் பேக்காட், ஷார்ப், புரூக்ஸ் என்று பெரிய ஆட்களே வரிசை கட்டி நின்றார்கள். ஆபர்னுக்கு மாறினார். அடுத்த பருவத்திலேயே நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நைஸ்மித் விருது, தொழில்முறை லீகான என்.பி.ஏ. ஆள் எடுக்கும் 2022 டிராஃப்டில் 22ஆம் இடம். வட கரோலினாவின் பயிற்சி அரங்கில் அவர் ஒரு வருடம் முழுக்கப் பந்தைத் தடுக்கக் கைநீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆட்டத்தில் நிற்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

டேவியன் மிட்செல் அதே ஆபர்னிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பியவர். முதல் வருடம் பெரும்பாலும் மாற்று வீரர். 2018இல் பேய்லருக்குப் போனார். அப்போது பழைய விதி, 2018-19 முழுக்க உட்கார்ந்தே இருந்தார். 2021 ஏப்ரல் 5 அன்று, தேசியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், அதுவரை தோற்காமல் வந்த கொன்சாகாவை 86-70 என்று வீழ்த்திய பேய்லர் அணியின் முதல் ஐவரில் ஒருவராக நின்றார். நீங்கள் பொறுமை என்று எதைச் சொல்கிறீர்களோ அது அவரிடம் இருந்தது. வேறு கல்லூரியில் இருந்தது.

சரி, மறுபக்கமும் உண்டு. பர்டூவின் சாக் எடியை உடனே எடுத்து வைப்பீர்கள். வைக்க வேண்டியதுதான். முதல் இரண்டு வருடம் டிரெவியன் வில்லியம்ஸுடன் நேரத்தைப் பகிர்ந்துகொண்டு அங்கேயே இருந்தார். பிறகு 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த வீரர். ஆனால் அந்த முதல் வருடக் கணக்கைப் பாருங்கள்: ஆட்டத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம், அடுத்த வருடம் 19. அவருடைய இலையில் ஏதோ பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். காலி இலையின் முன் உட்கார்ந்திருப்பவனுக்கு எடியை உதாரணம் காட்டுவது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லோரும் கெஸ்லர் ஆவதும் இல்லை. 2025 வசந்தத்தில் ஆண்கள் பிரிவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர்ட்டலில் இருந்தார்கள். இடம் கிடைக்காமல் போனவர்கள் நிறைய. பெயர் கொடுத்ததுமே, அந்த செமஸ்டர் முடிவோடு உதவித்தொகையை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டு. தெரியாமல் குதிக்கிறான் என்று நீங்கள் வருத்தப்படலாம். ஆனால் தெரிந்தவர் நீங்கள்தானே?

விதியில் எனக்கு எரிச்சல் மூட்டும் ஒன்று இருக்கிறது. கல்லூரிக் கூடைப்பந்தில் அவனுக்கு ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம். அவன் ஆடிய அந்த ஆண்டின் விதிப்படி, ஓர் ஆட்டத்தில் ஒரு விநாடி இறங்கினாலும் ஒரு பருவம் செலவாகிவிடும். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு ஆட்டம் வரை இறங்கியவன்கூட அந்த வருடத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. இவனை நவம்பரில், முப்பது புள்ளிக்கு மேல் முன்னிலையில் இருந்த ஓர் ஆட்டத்தில், கடைசி இரண்டு நிமிடம் இறக்கினார்கள். அரங்கமே கைதட்டியது, நானும்தான் உற்சாகமாக ஹார்னை அடித்தேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவனுடைய வாழ்நாளின் நான்கு பருவத்தில் ஒன்று கரைந்தது. "இந்த வருடம் உனக்கு நேரம் இருக்காது, ரெட்ஷர்ட் எடுத்துக்கொள்கிறாயா?" என்று அக்டோபரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெட்ஷர்ட் என்றால் அந்த ஆண்டு ஆட்டத்தில் இறங்காமலே இருந்து ஒரு பருவத்தைச் சேமிப்பது. யோசிக்கக்கூட வேண்டாம், எடுத்திருப்பேன் என்கிறான்.

படிப்பிலும் அடி விழுந்தது, அதை யாரும் பேசுவதே இல்லை. மூன்றாம் வருடம் ஆட வேண்டுமானால் பட்டத்தின் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், அதுவும் புதிய கல்லூரியின் கணக்குப்படி. 120 கிரெடிட் பட்டத்துக்கு 48. இவன் எங்களிடம் 62 முடித்திருந்தான். அங்கே ஏற்றுக்கொண்டது 47. என் புள்ளியியல் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஒரு கிரெடிட் குறைந்ததற்காகக் கோடையில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை எடுத்தான், தன் செலவில். இதற்கு ஒரு போன் அடித்துக் கேட்டுச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆளே இல்லாமல் போய்விட்டது. போகிறவன்தானே என்று விட்டுவிட்டோம்.

நான் கேட்பது நிமிடம் இல்லை. யாரை இறக்குவது என்பது உங்கள் உரிமை, அதில் மூக்கை நுழைக்க மேசைக்காரனுக்கு வேலை இல்லை. நிமிடத்தைப் பற்றிய பேச்சை மட்டும் கேட்கிறேன். ஆள் பிடிக்கப் போகும் வீட்டில் நாப்கினில் வட்டம் போட்டால், அந்த இடத்துக்கு வேறு யாரையெல்லாம் பார்க்கிறீர்கள் என்பதையும் அதே நாப்கினில் எழுதுங்கள். அதே இடத்துக்குப் புது ஆள் வருகிறான் என்றால், செய்தி வெளியே போவதற்கு முன் பழையவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும். மூன்றாவது ஆளாகத்தான் இருப்பாய் என்பதை ஏப்ரலில் அவன் தானே கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். சொன்னால் சிலர் அப்போதே போய்விடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. போகட்டுமே. தெரிந்தும் தங்குகிறவன் பயிற்சியில் எப்படி ஓடுவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பருவம் அவன் வேறு மாநிலத்தில், எங்களைவிடச் சிறிய ஓர் அரங்கில் ஆடுகிறான். ஜனவரியில் ஓர் இரவு மடிக்கணினியில் பார்த்தேன். 26 நிமிடம் ஆடினான். மூன்று முறை பந்தைத் தொலைத்தான், நாலாவது ஃபவுலுக்கு நடுவரிடம் முகத்தைச் சுளித்தான். பயிற்சியாளர் வெளியே இழுத்து நன்றாகத் திட்டிவிட்டு, நான்கு நிமிடம் கழித்து மறுபடி அனுப்பினார். அவன் அந்த மேசைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்த அடுத்த விநாடியே பந்து வெளியே போய் ஹார்ன் கேட்டது. அந்த ஊர் மேசைக்காரர் கொடுத்து வைத்தவர்.

மேசை சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 20 புள்ளி முன்னிலை இருந்தால், நான்கு நிமிடத்துக்குக் கீழே, விளம்பரத்துக்காக வரும் கடைசி மீடியா டைம் அவுட்டிலேயே பெஞ்சின் கடைசி ஆட்களை அனுப்பிவிடுங்கள். 50 விநாடியில் அனுப்பினால் பந்து நிற்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஹார்னில் விரலை வைத்துக்கொண்டு பந்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசையிலிருந்து ஒருவன்