இலையில் உட்கார்ந்தவர்களை எழுப்பாதீர்கள்: தரங்கம்பாடியிலிருந்து சுற்றுலா வண்டிக்காரர்களுக்கு ஒரு மடல்

தரங்கம்பாடி வழியாகப் பேருந்தும் வேனும் விடுகிற சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், கூடவே வரும் வழிகாட்டித் தம்பிகளுக்கும், ஓட்டுநர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

கோட்டைக்குப் போகிற வழியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், தண்ணீர் கேன் நிரப்ப என் கடைக்குத்தான் வருவீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் வண்டியை 3 மணி நேரம் நிறுத்துங்கள். இப்போது நிறுத்துகிற 40 நிமிடம் யாருக்கும் போதவில்லை. வருகிறவர்களுக்கும் போதவில்லை, எங்களுக்கும் போதவில்லை.

இதை நேரிலேயே பலரிடம் சொல்லியாகிவிட்டது. "பார்க்கலாம்க்கா" என்பீர்கள், அடுத்த வாரமும் அதே 40 நிமிடம்தான். இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

மதியம் பன்னிரண்டரை இருக்கும். வயதான அம்மா ஒருவரும் அவருடைய தங்கையும் கடைக்குள் வந்தார்கள். சேலம் பக்கத்து ஆட்கள். என்ன மீன் என்று கேட்டார்கள். கிழங்கானும் சங்கராவும் என்றேன். ஐஸ் வைக்காத மீனா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, "அப்ப இங்கயே சாப்பிட்டுடலாம்டி" என்று தங்கையிடம் சொல்லி உட்கார்ந்தார்கள். இலை போட்டேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். சோறு, குழம்பு, ஆளுக்கு இரண்டு வறுத்த கிழங்கான். அந்த அம்மா முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து இலை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாய்கூட உள்ளே போயிருக்காது, தெருவில் விசில் ஊதிவிட்டது. பின்னாடியே வழிகாட்டி வாசலில் வந்து நின்று, "அம்மா டைம் ஆச்சு, சாப்பாடு வழியில ஏற்பாடு பண்ணியிருக்கு, எந்திரிங்க" என்றார்.

அந்த அம்மா இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கைக்காரர், "அஞ்சு நிமிஷம் தம்பி" என்றார். அந்தத் தம்பி மறுபடியும் விசிலை வாயில் வைத்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். காசு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்காமல் தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இலையில் மீன் அப்படியே கிடந்தது.

நம் பக்கத்தில் யாராவது செய்கிற காரியமா இது? கடன்காரன் வீட்டுக்கு வந்தால்கூட, உள்ளே சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பான். எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை, உங்களிடம் காசு கட்டி உங்களை நம்பி வந்தவரை, கையில் பிசைந்த சோற்றோடு எழுப்புகிறீர்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுத மாட்டேன். அந்தத் தம்பிக்குத் தெரியும், அது போதும். அவர் ஒருவர் செய்த தப்பாகவும் இதை நான் பார்க்கவில்லை. அவர் கையில் கொடுத்த அட்டவணையில் தரங்கம்பாடிக்கு எதிரே 40 நிமிடம் என்று போட்டவர் வேறு யாரோ. இந்த மடல் முக்கியமாக அவருக்குத்தான்.

அப்படி எங்கே போக இவ்வளவு அவசரம் என்று யோசித்துப் பார்த்தேன். காலையில் சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், அப்புறம் திருக்கடையூர். அங்கே நடை சாத்துவதற்கு முன்பே கிளம்பி உச்சி வெயிலில் எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். அடுத்தது திருநள்ளாறு. சனிக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டால் அங்கேயும் மதியம் நடை சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறக்கிறார்கள். இங்கிருந்து காரைக்கால் அரை மணி நேரம். ஆக, பறந்துகொண்டு போய் அங்கே வெயிலில் வண்டியைப் போட்டுக் காத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் இறக்கிவிடுகிறீர்கள். அந்த நேரத்தைத்தான் எங்களுக்குக் கேட்கிறேன். உங்கள் அட்டவணையில் இருந்து புதிதாக எதையும் பிடுங்கவில்லை.

நெடுஞ்சாலை ஓட்டல் கணக்கு எனக்குப் புரிகிறது. வண்டி நின்றால் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் சாப்பாடு இலவசம், தலைக்கு இவ்வளவு என்று கையிலும் கொடுக்கிறார்கள். ஓட்டுநர் அண்ணன்களை நான் குறை சொல்லவில்லை. விடிகாலையில் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குச் சாப்பாடு போடுவது கடமை, அதை நாங்களும் போடுவோம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கண் அசர மாடியில் பாயும் ஃபேனும் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பணம் மட்டும் எங்களால் தர முடியாது. அதைக் கொடுக்க வேண்டுமென்றால் மீனின் அளவைக் குறைக்க வேண்டும், இல்லை நேற்றைய மீனைப் போட வேண்டும். கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

சரி, சாப்பாட்டை விடுங்கள். 40 நிமிடத்தில் நீங்கள் எதைக் காட்டுகிறீர்கள்? 1792-ல் திரும்பக் கட்டிய அந்த வெள்ளை நுழைவாயிலுக்கு வெளியே இறக்கிவிட்டு, "நேரா போங்க, கோட்டை வரும்" என்கிறீர்கள். வெயிலில் ராஜ வீதி முழுக்க நடந்து கோட்டை வாசலைத் தொடுவதற்குள் வயதானவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. பாதிப் பேர் உள்ளே போகாமலே சுவர் ஓரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். நடக்கிற வழியில் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. 1701-ல் கட்டிய சீயோன் ஆலயத்தைத் தாண்டிப் போகிறார்கள். 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயத்தைத் தாண்டிப் போகிறார்கள், அதற்குள்தான் ஜெர்மனியில் இருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். அவர் 1706-ல் இந்தக் கரையில் வந்து இறங்கி, மணலில் எழுதித் தமிழ் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்த ஊர் இது. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள், அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். தமிழ்ப் புத்தகம் கையில் எடுக்கிற யாருக்கும் இதைக் கேட்டால் மயிர் கூச்செறியும். உங்கள் மைக்கில் இதில் ஒரு வரி வருவதில்லை. இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள் என்று மட்டும் வருகிறது. மூச்சில் ஓசோன் போனால் நுரையீரலுக்குக் கேடு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். இருக்கிற உண்மையே இவ்வளவு இருக்கும்போது இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்?

கோட்டையை 1620-ல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் கேட்டு வாங்கிக் கட்டினார்கள் என்பதையாவது சொல்கிறீர்கள். அதற்கும் முந்நூறு வருடத்துக்கு முன்னால் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்கு வடக்கே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்கிறது. கடல் அரித்துக்கொண்டு போனது போக மிஞ்சியதைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச தூரத்தை நடக்க உங்கள் பயணிகளுக்கு நேரம் இல்லை.

ஒரு காலத்தில் மாயவரத்தில் இருந்து இந்த ஊருக்கு ரயில் வந்தது. 1980-களில் அதை நிறுத்தினார்கள். திரும்ப வரும், வரும் என்று கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ரயில் இல்லாத ஊருக்கு வெளியாள் வருவதே உங்களைப் போன்றவர்கள் கொண்டுவந்தால்தான். அதனால்தான் உங்கள் அட்டவணையில் ஒரு வரி மாறினால் இங்கே பல வீட்டில் அடுப்பு எரிவது மாறும். வாசலில் கருவாடு வைத்திருக்கும் அக்கா, பனையோலைக் கூடை முடைந்து விற்கிறவர்கள், சங்கு, சிப்பிச் சாமான் கடை, நுங்கு வண்டி, ஐஸ்காரர், எல்லோரும் வண்டி வந்ததும் எழுந்து நிற்கிறார்கள். கூடையைக் கையில் எடுத்து, எப்படி முடைகிறீர்கள் என்று கேட்டு, விலை பேசி, இன்னொன்றைப் பார்த்து, அப்புறம்தானே வாங்குவார்கள்? அதற்குள் விசில். எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிறார்கள். சுனாமியில் வீட்டு ஆம்பளையைப் பறிகொடுத்துவிட்டு அதற்கப்புறம் கடை போட்டுப் பிள்ளைகளைக் கரை சேர்த்த பெண்கள் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்கொடை வேண்டாம், வாங்க வந்தவருக்கு வாங்குகிற நேரத்தைக் கொடுங்கள்.

எழுத வந்ததில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, சரக்கு விலை குறைவு. சில வேன்கள் எதற்காக இங்கே ஆட்களை அவசரப்படுத்துகின்றன என்பது ஊருக்கே தெரியும். நாலு பேர் அங்கே சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காக மற்ற எல்லோரும் சாப்பாட்டையும் கோட்டையையும் விட்டுக்கொடுக்கிறார்கள், அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அப்புறம், சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து கடற்கரையில் பந்தி போடும் வண்டிகள் உண்டு. தாராளமாகப் போடுங்கள், செலவு குறைத்து ஊர் பார்க்க வருகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் சாப்பிட்ட தட்டையும் பிளாஸ்டிக் தம்ளரையும் மணலில் போட்டுவிட்டுப் போகிறீர்களே, காலையில் வலை இழுக்க வருகிறவர்கள் காலில் படுவது அதுதான். ஒரு சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் ஊர் நீங்கள் கை கழுவிவிட்டுப் போக வைத்திருக்கிற இடம் இல்லை.

சரி, சண்டைக்கு வரவில்லை, கேட்கத்தான் வந்தேன். கேட்பதைத் தெளிவாகவே சொல்கிறேன்.

பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு வாருங்கள். வெயில் ஏறுகிற நேரத்தில் கோட்டைக்குள் அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும், அங்கே நிழல் இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பாடு. என் கடையில்தான் சாப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை, ஊருக்குள் இன்னும் கடைகள் இருக்கின்றன, பொறையாரிலும் இருக்கின்றன, எங்கே வேண்டுமானாலும் சாப்பிடட்டும். சாப்பிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ஆலயங்களையும் கோயிலையும் பார்த்து, வாங்குவதை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் திருநள்ளாற்றில் நடை திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நாகூரும் வேளாங்கண்ணியும் இரவுக்குள் முடிந்துவிடும்.

நாற்பது ஐம்பது பேர் வருகிறீர்கள் என்றால் முந்தின நாள் இரவே ஒரு போன் போடுங்கள். மீனை நாங்கள் விடிகாலையில் கரையில் ஏலத்தில் எடுக்கிறோம், பத்து மணிக்கு மேல் சொன்னால் நல்ல மீன் மிச்சம் இருக்காது. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் சின்னப் படகில் வருவதுதான் மீன், விலையும் ஏறும், வகையும் குறையும். அதை முன்னாலேயே பயணிகளிடம் சொல்லிவிடுங்கள், வஞ்சிரம் எங்கே என்று இங்கே வந்து மனக்கசப்பு வேண்டாம். கோயிலுக்குப் போகிற வண்டியில் அன்றைக்கு மீன் தொடாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சாம்பார், கூட்டு, ரசம், மோர் எல்லாம் உண்டு. கழிவறை இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சாப்பிட்டால்தான் விடுவோம் என்றெல்லாம் கிடையாது. வயதானவர்களை நுழைவாயிலில் இறக்காமல் ஆட்டோவில் கோட்டை வரை கொண்டுவிட ஆள் ஏற்பாடு செய்து தருகிறோம்.

இவ்வளவும் எங்கள் பக்கத்தில் தயார். உங்கள் பக்கத்தில் ஒரு வரி மாற வேண்டும். 40 நிமிடம் என்பதை அடித்துவிட்டு 3 மணி நேரம் என்று எழுதுங்கள். எடுத்தவுடன் எல்லா வண்டிக்கும் முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளுக்கு மட்டுமாவது மாற்றிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து உங்கள் பயணிகளிடமே கேளுங்கள், அவர்கள் சொல்வதை வைத்து மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அதுவரைக்கும் அந்த விசிலை மட்டும் கடை வாசலில் ஊதாதீர்கள் என்று உங்கள் வழிகாட்டிகளிடம் சொல்லி வையுங்கள். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உள்ளே வந்து உட்காருங்கள். உங்களுக்கும் இலை போடுகிறேன்.

அன்புடன்,
தரங்கம்பாடியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் உங்கள் அக்கா