மருந்துக்கடைக்காரர்களுக்கு: 'சைடு எஃபெக்ட் இல்லை' என்றால் மட்டும் போதாது

வணக்கம். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மருந்தாளுநர்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல்.

"இதுல சைடு எஃபெக்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது நிறையப் பேர் மாத்திரை வாங்குகிறார்கள். "பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்கிறீர்கள், பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடும், காபியோடும், பாலோடும் இது எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை. அதற்குப் பெயர்தான் இடைவினை. பக்கவிளைவு என்பது ஒரு மருந்து தனியாகவே செய்வது. இடைவினை, ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடுவது. நாமோ ஒவ்வாமையையும் சேர்த்து மூன்றையும் "ஒத்துக்கல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

இதயத்துக்கு தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிற பெரியவர், மூட்டு வலி என்று சீட்டு இல்லாமல் வந்து இபுப்ரோஃபென் கேட்கிறார். ரத்தத் தட்டணுக்களில் இரண்டு மருந்தும் போய் உட்காருவது ஒரே நொதியில். இபுப்ரோஃபென் முந்திக்கொண்டால் ஆஸ்பிரினுக்கு அங்கே இடமில்லை, ரத்தக்கட்டியைத் தடுக்கும் வேலை கெடுகிறது, போதாததற்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடுகிறது. அவருக்கு இது எதுவும் தெரியாது. வலி விட்டுவிட்டது, நல்ல மாத்திரை என்று மறுபடியும் உங்களிடமே வருவார்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் விஷயம் வேறு மாதிரி. கீரையே தொடாதே என்று யாரோ பயமுறுத்தி வைத்திருப்பார்கள். கீரையில் இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் வைட்டமின் கே இருப்பதால் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வழக்கமான அளவில் சாப்பிடலாம் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

சித்த வைத்தியரிடம் போனால் தேனில் குழைக்கணுமா, நெய்யிலா, வெந்நீரிலா என்று அனுபானம் சொல்லி, பத்தியமும் சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் தருவார். அதனால் நம் ஆட்களுக்கு இது புதிதே இல்லை, இங்கிலீஷ் மருந்துக்குப் பத்தியம் கிடையாது என்ற நினைப்புதான் பிரச்சினை.

கூட்ட நேரத்தில் முடியாது என்பீர்கள், நியாயம்தான். ஆனால் 2015-இல் இந்திய மருந்தியல் மன்றம் கொண்டுவந்த தொழில் விதிமுறையிலேயே, நோயாளிக்குச் சொல்ல வேண்டியவற்றில் இடைவினையும் இருக்கிறது. அதனால் இதை உபகாரமாக ஒன்றும் கேட்கவில்லை.

கவரில் 1-0-1 என்று எழுதுகிறீர்களே, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு "டீ, காபியோடு வேண்டாம்". தைராக்சினுக்கு "வெறும் வயிற்றில், கால்சியம் மாத்திரை 4 மணி நேரம் கழித்து". தைராய்டு மாத்திரை வாங்க வருபவர்களிடம் இருந்தே ஆரம்பியுங்களேன், காலைக் காபியோடு அதை விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.